உச்சிப்புளிக்கு மேலே பறக்கிற ஹெலிகாப்டர் நம் நோயாளிக்காக இறங்குமா?

#1 · தங்கச்சிமடத்தான்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாசியில் என் சித்தப்பா விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். நடுச்சாமம் தாண்டி மடி வலையை ஏற்றும்போது அதை விரிக்கிற பலகை ஆடி வந்து தலையில் அடித்துவிட்டது. மடியை வெட்டிவிட்டுப் படகைத் திருப்பினார்கள். அப்படியும் கரை சேர மூன்று மணி நேரம். ஜெட்டியில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலம் தாண்டி முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, நியூரோ டாக்டர் இருக்கிற இடத்துக்குத் தூக்குங்கள் என்றார்கள். தூக்குவதற்கு வென்டிலேட்டர் வண்டி வேறு ஊரிலிருந்து வர வேண்டுமாம். இரண்டு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மதுரையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது அடிபட்டு ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது.

ஆள் பிழைத்துவிட்டார். இடது கையில் பிடிமானம் இல்லை. இனி கடலுக்குப் போக மாட்டார்.

நான் கேட்க வந்தது வேறு. அந்த வராந்தாவில் விடியும் நேரத்தில் தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் போனது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளம் 2009-லிருந்து இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல் படை இருக்கிறது. கலாம் ஐயாவின் உடலை 2015 ஜூலையில் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ஹெலிகாப்டரில்தான் கொண்டுவந்தார்கள், நானும் ரோட்டோரம் நின்றேன். இறந்தவரை அந்த வழியில் கொண்டுவர முடிந்தது. உயிருக்குப் போராடுகிறவரை அதே வழியில் திருப்பிக் கொண்டுபோக ஏன் முடியாது?

#2 · சாயல்குடி பனை

சித்தப்பா தேறி வரட்டும். ஆனால் ஹெலிகாப்டர் எல்லாம் தேர்தல் நேரத்துப் பேச்சு. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 47 கிலோமீட்டர் நான்கு வழிச்சாலைக்கு 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 1,853 கோடி. அது முடிந்தாலே இருபது நிமிடமாவது மிச்சம். எங்கள் சாயல்குடி பக்கம் ரோட்டில் போனால் நோயாளிக்கு முன்னால் டிரைவர் படுத்துவிடுவார். முதலில் தரையைப் பாருங்கள், அப்புறம் வானத்தைப் பார்க்கலாம்.

#3 · நைட் டியூட்டி

தம்பி, நான் மதுரையில் பதினாறு வருடமாக ஐசியு நர்ஸ். வெளியூரிலிருந்து வருகிற நோயாளிகளை வாசலில் வாங்குகிற ஆள் நான்தான். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. படகிலும் ஜெட்டி ஆம்புலன்ஸிலும் சித்தப்பாவுக்கு ஆக்சிஜன் வைத்தார்களா? வாந்தி எடுத்தாரா? யாராவது அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், தலையில் அடிபட்டவருக்கு முதல் அடி பலகை கொடுப்பது. இரண்டாவது அடியை நாம் கொடுக்கிறோம். ரத்தத்தில் ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனாலோ, பிரஷர் மேல் அளவு 90-க்குக் கீழே இறங்கினாலோ, ஏற்கெனவே வீங்குகிற மூளை பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினி நேரத்துக்குத்தான் பின்னால் கை, கால், பேச்சு என்று விலை கொடுக்கிறோம். ஹெலிகாப்டர் வேகமான வண்டி, அவ்வளவுதான். உள்ளே மூச்சுக்குழாயில் டியூப் போடத் தெரிந்த ஆள் இல்லையென்றால், பட்டினியோடு வேகமாகப் பறப்பார்.

#4 · தங்கச்சிமடத்தான்

அக்கா, படகில் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. துண்டை நனைத்துத் தலையில் கட்டினார்கள். மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். வாந்தி எடுத்தார். ஜெட்டியில்தான் ஆக்சிஜன்.

#5 · சேடக் மாமா

கடற்படையில் இருபத்திரண்டு வருடம், அதில் பாதி ஹெலிகாப்டரில் வின்ச் (வடம் இறக்கி ஆள் தூக்குகிற கருவி) பிடித்த வேலை. ஓய்வு பெற்று இப்போது தேவிபட்டினத்தில் இருக்கிறேன். தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதனால் முழுசாகப் பதில் சொல்கிறேன்.

முதலில், ஆபத்தில் கூப்பிட்டால் வருவதில்லை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றபோது கர்ப்பிணி ஒருவரை விமானப்படை ஹெலிகாப்டரில்தான் தூக்கினார்கள். ஆனால் படை ஹெலிகாப்டரின் முதல் வேலை கண்காணிப்பும் தேடலும். அதில் ஸ்ட்ரெச்சர் போடலாம். ஐசியு வேண்டுமென்றால் தனிச் சாமான் வேண்டும். 2021-ல் கோவாவில் ஐஎன்எஸ் ஹன்சா கடற்படைத் தளத்தில் ஒரு துருவ் மார்க் 3 ஹெலிகாப்டரில் அப்படி ஒரு தொகுப்பை அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் பொருத்திக் காட்டியது. வென்டிலேட்டர், டிஃபிபிரிலேட்டர், மானிட்டர், ஊசி மருந்து பம்ப் எல்லாம் சேர்ந்தது. பொருத்த இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஒரு தீவிலிருந்து நாளைக்குக் கூட்டிவரும் நோயாளிக்கு அது போதும். பலகை அடித்தவருக்கு அந்த மூன்று மணி நேரம் ஏது?

இரண்டாவது, ராத்திரி. நடுக்கடலில், இருட்டில், விசைப்படகுக்கு மேலே நிற்பது எப்படி என்று சொல்கிறேன். கீழே மரம் இல்லை, வீடு இல்லை, விமானி எதைப் பார்த்து நிலையாக நிறுத்துவார்? படகின் விளக்கு அலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அதைப் பார்த்தால் நாம் ஆடுகிறோமா படகு ஆடுகிறதா என்று தெரியாது. நம் ராமேஸ்வரம் படகில் கொடிமரம், இழுவைக் கம்பம், கம்பிவடம் எல்லாம் மேல்நோக்கி நிற்கும். ஆளை இறக்க எட்டடி இடம் கிடைப்பதே பாடு. பகலில் செய்திருக்கிறேன். ராத்திரி என்றால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வியர்க்கும்.

கடலில் போகிறவர்களுக்கு மட்டும் இது. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் வந்தால் படகை நிறுத்தாதீர்கள். காற்றைப் பார்த்து மெதுவாக, நேராக ஓட்டுங்கள். தளத்தில் கிடக்கிற வலை, தகரம், தார்பாய், ஐஸ் பெட்டி மூடி எல்லாவற்றையும் கட்டுங்கள். அந்தக் காற்றில் தகரம் கத்தியாகிவிடும். மேலிருந்து வருகிற கொக்கியைப் பாய்ந்து பிடிக்காதீர்கள். முதலில் தண்ணீரிலோ தளத்திலோ படட்டும். அதில் மின்சாரம் ஏறியிருக்கும், பிடித்தவன் தூக்கியடிக்கப்படுவான். அந்த வடத்தைப் படகில் எங்கேயும் கட்டக் கூடாது. கட்டினால் ஹெலிகாப்டரைப் படகோடு கட்டியதாக அர்த்தம்.

உதவிக்கு: கடலோரக் காவல் படை 1554, வயர்லெஸ்ஸில் சேனல் 16. கரைக்கு வந்து சொல்லலாம் என்று மூன்று மணி நேரம் ஓட்டாதீர்கள். அடிபட்ட நிமிடமே சொல்லுங்கள். ஹெலிகாப்டர் வராவிட்டாலும் வேகப்படகு எதிரே வரலாம், கரையில் டாக்டர் தயாராக நிற்கலாம்.

#6 · சாயல்குடி பனை

மாமா சொன்னதற்கு மேல் என்ன இருக்கிறது. இழையை மூடிவிடலாம்.

#7 · கீழக்கரை காக்கா

மூடாதீர்கள். எங்கள் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது.

என் மச்சான் பெரியபட்டினத்தில் சங்கு குளிக்கிறவர். கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு அடியில் நெடுநேரம் இருந்துவிட்டு ஒருநாள் சட்டென்று மேலே வந்தார். கரைக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. எண்ணெய் தேய்த்தார்கள், ஓதிப் பார்த்தார்கள், வாயு என்றார்கள். மறுநாள்தான் டாக்டரிடம் காட்டினோம். ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி, அழுத்த அறையில் வைக்க வேண்டும் என்றார். இப்படிப்பட்டவரை ஹெலிகாப்டரில் ஏற்றலாமா? ஏற்றினால் குமிழி பெரிதாகிவிடும் என்று ஒருவர் பயமுறுத்தினார்.

#8 · நைட் டியூட்டி

காக்கா, பயமுறுத்தியவர் சொன்னது பாதி சரி. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், குமிழி விரியும். அதனால் முக்குளிப்பவரைத் தூக்கினால் 300 மீட்டருக்கு மேல் ஏறாமல் பறக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. கூடவே முகமூடியில் முழு ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனைக் கரையில் கால் மரத்த நிமிடத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும், அதற்கு ஹெலிகாப்டர் தேவையே இல்லை. ஒரு சிலிண்டரும் ஒரு முகமூடியும் போதும்.

நம் ஊருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி கொச்சியில், அழுத்த அறையும் அங்கே. நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. 300 மீட்டரில் பறந்து அதைத் தாண்ட முடியாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் கீழே சுற்றிக்கொண்டு போக வேண்டும். வரைபடத்தில் நேர்கோடு போடுகிறவர்களுக்கு இது தெரியாது.

பொதுவாகவும் சொல்லிவிடுகிறேன். வானத்தில் போகும் ஐசியு நோயாளிக்கு ஏறும் முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கோத்திருந்தால் மார்பில் டியூப் போட்டு வடித்துவிட்டுத்தான் ஏற்றுவோம். மூச்சுக்குழாய் டியூபைச் சுற்றியிருக்கிற கஃப் என்ற சின்ன பலூனில் காற்று விரியும், அளந்து குறைக்க வேண்டும். உள்ளே சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் அலங்காரப் பொருள். மூச்சு போகிறதா என்பதை வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு காட்டும் மானிட்டரில்தான் பார்க்க வேண்டும். நடுவழியில் இதயம் நின்றால் குனிந்து மார்பை அழுத்த இடமும் இருக்காது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வரை தரை சமம் என்பது நமக்கு வசதி. ஆயிரத்து ஐந்நூறு அடியில் போனால் காற்று ஐந்தாறு சதவீதம்தான் விரியும். கொடைக்கானல் பக்கம் என்றால் வேறு கதை.

அப்புறம் முக்கியமான ஒன்று. கூட வருகிறவர்களுக்கு இடமில்லை. அம்மாவை ஏற்றிவிட்டு மகன் பஸ்ஸில் வர வேண்டும். நம் ஊரில் இதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

#9 · கீழக்கரை காக்கா

பஞ்சாயத்தா? ஹெலிகாப்டர் கிளம்பவே விட மாட்டார்கள் லாத்தா. மச்சான் இப்போது தடி ஊன்றி நடக்கிறார். விவரத்துக்கு நன்றி. சிலிண்டர் விஷயத்தை எங்கள் சங்கத்தில் பேசுகிறேன்.

#10 · ஸ்டுட்கார்ட் கிழவன்

நான் பருத்தித்துறை. இப்ப முப்பது வருடமாக ஜெர்மனியில், ஒரு வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் வேலை. உங்கள் கரைக்கும் எங்கள் கரைக்கும் இடையில் ஒரே கடல்தான், அதனால் மூக்கை நுழைக்கிறேன்.

இங்கே கிறிஸ்டோஃப் 1 என்ற உலங்குவானூர்தி (நீங்கள் சொல்லும் ஹெலிகாப்டர்) மியூனிக்கில் 1970 நவம்பரில் சேவைக்கு வந்தது. நடத்தியது ஏடிஏசி, அதாவது கார் வைத்திருப்பவர்களின் சங்கம். ரோட்டில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் காரணம். தம்பிமார் ஒன்றைத் தவறாக விளங்கிவைத்திருக்கிறீர்கள். இங்கே அது நோயாளியைத் தூக்கப் பறப்பதை விட வைத்தியரைக் கொண்டுவந்து இறக்கத்தான் அதிகம் பறக்கும். ஐம்பது, எழுபது கிலோமீட்டர் வட்டம். வைத்தியர் இறங்கி, டியூப் போட்டு, மருந்து கொடுத்து, நோயாளியை நிலைப்படுத்திவிட்டுப் பல நேரம் தரை வண்டியிலேயே கூடப் போவார். வானூர்தி வெறுமையாகத் திரும்பும். அதை ஒருவரும் நட்டம் என்று சொல்வதில்லை.

ராத்திரியில் இங்கேயும் எல்லாத் தளங்களும் பறக்காது. பெரும்பாலானவை சூரியன் எழுந்து விழும் வரைதான். சுவிஸில் ரேகா என்ற வான்மீட்புச் சேவை 1952-லிருந்து இருக்கிறது, அரசுப் பணத்தை நம்பாமல் 35 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதரவாளர்களின் ஆண்டுச் சந்தாவில் ஓடுகிறது. பிரித்தானியாவில் 1987-ல் கோர்ன்வோலில் தொடங்கியதும் தருமப் பணத்தில்தான்.

#11 · சாயல்குடி பனை

நம் ஊரில் சந்தா கட்டச் சொன்னால் கோயில் கொடைக்கு மட்டும்தான் வரும் ஐயா.

#12 · சேடக் மாமா

அப்படிச் சொல்லாதே. சுனாமி வந்தபோது யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்த்தவன் நான்.

ஸ்டுட்கார்ட் அண்ணன் சொன்னதோடு ஒரு பழைய கதை. போரில் காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் முதன்முதலாகத் தூக்கியது நம் பக்கத்து பர்மாவில். 1944 ஏப்ரலில் கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க லெப்டினன்ட், ஜப்பானியர் வசமிருந்த காட்டிலிருந்து நான்கு பேரை எடுத்துவந்தார். அவருடைய சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரில் விமானியைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். வெக்கையில் எஞ்சின் இழுக்காது. ஒவ்வொருவராக, போய் வந்து, போய் வந்து தூக்கினார். இந்தக் கதையை எங்களுக்கு ஒரு வாத்தியார் சொன்னார். வெயில் ஏறினால் இறக்கை தூக்குகிற பாரம் குறையும் என்பதைப் புரியவைக்க. சித்திரை வெயிலில் ராமநாதபுரத்தில் இன்றைக்கும் அதே கணக்குதான்.

#13 · முகவை கணக்கு வாத்தியார்

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் பேசுகிறீர்கள், யாரும் கூட்டிக் கழிக்கவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ரோட்டில் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். நேர்கோட்டில் 148. ராமநாதபுரத்திலிருந்து ரோட்டில் 115, நேர்கோட்டில் 100. ஹெலிகாப்டர் மணிக்கு 220 என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ ஹெலிகாப்டர் ஒன்று டாக்டரோடு உச்சிப்புளியில் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம் (வைத்துக்கொள்வதற்குக் காசா பணமா).

ராமேஸ்வரத்து நோயாளி: அழைப்பு வந்து கிளம்ப 10 நிமிடம், தீவுக்குப் பறக்க 10, நோயாளியைத் தயார்செய்து ஏற்ற 20, மதுரைக்கு 40. மதுரையில் விமான நிலையத்தில் இறங்கி ஊருக்குள் ஆம்புலன்ஸில் போக 30. மொத்தம் 110 நிமிடம். ரோட்டில் சைரன் போட்டாலும் மூன்று மணி நேரத்துக்குப் பக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் லாபம்.

ராமநாதபுரத்து நோயாளி: 10, 5, 20, 27, 30. மொத்தம் 92. ரோட்டில் நல்ல டிரைவர் என்றால் நூறு நிமிடத்தில் போய்விடுவார். லாபம் எட்டு நிமிடம். எட்டு நிமிடத்துக்கு ஹெலிகாப்டரா?

இப்போது தம்பியின் சித்தப்பா கணக்கு. ஒன்பது மணி நேரம் என்றார். கடலில் 3, ஜெட்டியிலிருந்து ஆஸ்பத்திரி 1, ஸ்கேனும் மற்றதும் 1, வராந்தா 2, மதுரை ரோடு 2. இதில் மதுரை ரோட்டை ஹெலிகாப்டரில் போயிருந்தால் மிச்சம் அரை மணி நேரம்கூட வராது. பெரிய துண்டுகள் எவை? கடலில் கழிந்த மூன்று, வராந்தாவில் கழிந்த இரண்டு. வராந்தா இரண்டைக் குறைக்க வென்டிலேட்டர் வைத்த ஒரு வண்டியும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் பக்கத்தில் இருந்தால் போதும். கடல் மூன்றைக் குறைக்கப் பகல் என்றால் ஹெலிகாப்டர், ராத்திரி என்றால் வேகப்படகு.

தப்பிருந்தால் சொல்லுங்கள், மதிப்பெண் குறைத்துக்கொள்கிறேன்.

#14 · நைட் டியூட்டி

வாத்தியாருக்கு முழு மார்க். ஒரு திருத்தம் மட்டும். வென்டிலேட்டர் வண்டி என்றால் சிலிண்டரையும் எண்ணுங்கள். பி டைப் சிலிண்டரில் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம். வழியில் ஒரு ரயில்வே கேட், ஒரு சந்தை நெரிசல் என்றால் கணக்கு முடிந்தது. இரண்டு சிலிண்டரோடு கிளம்பச் சொல்லுங்கள். பாதி வழியில் மாற்றுகிற ஸ்பேனரை மறந்துவிட்டு வந்த வண்டியையும் வாசலில் வாங்கியிருக்கிறேன்.

#15 · பாம்பன் லைட்ஹவுஸ்

காற்றைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஆடியில் அம்மியே பறக்கும் ஊர் இது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும், ரயில் மண்டபத்திலேயே நிற்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தச் சிவப்பை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அதே காற்றில் ஹெலிகாப்டரை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இறக்கச் சொல்வீர்களா?

காற்று இல்லாவிட்டாலும் ஆபத்துதான். 2024 செப்டம்பர் 2 அன்று போர்பந்தருக்கு அப்பால் ஒரு டேங்கர் கப்பலில் அடிபட்டவரைத் தூக்கப் போன கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. நாலு பேரில் ஒருவர்தான் பிழைத்தார். 2025 மே மாதம் ரிஷிகேஷ் எய்ம்ஸின் ஹெலி ஆம்புலன்ஸ் கேதார்நாத் பக்கத்தில் இறங்கும்போது வால் முறிந்தது. டாக்டர், நர்ஸ், விமானி மூவரும் தப்பினார்கள். அந்தச் சேவை தொடங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஒருவரைக் காப்பாற்ற நான்கு பேரை அனுப்புகிறோம் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

#16 · சேடக் மாமா

போர்பந்தர் செய்தி வந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

#17 · தங்கச்சிமடத்தான்

லைட்ஹவுஸ் அண்ணே, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் லட்சத்தீவில் நோயாளியைக் கொச்சிக்கு ஹெலிகாப்டரில்தானே கொண்டுபோகிறார்கள்? அங்கே காற்று இல்லையா? அவர்களுக்குக் கடல் ஒரு தடை என்பதை அரசாங்கம் ஒத்துக்கொள்கிறது. எங்களுக்கு 1988-ல் ரோட்டுப் பாலம் வந்ததோடு நாங்கள் தீவு என்பதையே மறந்துவிட்டார்கள். பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றால் நாங்கள் தீவுதான். தனுஷ்கோடியில் பாசி எடுக்கிற பெண்ணைத் திருக்கை குத்தினால், பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால், எங்களுக்கு இருப்பது அந்த ஒரு ரோடு.

#18 · பாம்பன் லைட்ஹவுஸ்

அது சரிதான். பாலத்தில் பஸ்ஸும் வேனும் நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்துக்கு நடுவில் ஆம்புலன்ஸ் ஊர்வதை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது அது ஒன்று.

கேரளாவில் 2020-ல் பிரதீக்ஷா, பிரத்யாஷா, காருண்யா என்று மூன்று கடல் ஆம்புலன்ஸ் விட்டார்கள். மருத்துவ உதவியாளரோடு நிற்கிற படகுகள். பாக் நீரிணைக்கு அப்படி ஒன்று, மன்னார் வளைகுடாவுக்கு ஒன்று கேட்டால் என்ன? ஆழமில்லாத இடத்துக்கு மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட் (தண்ணீரிலும் மணலிலும் ஓடுகிற காற்று மெத்தைப் படகு) இருக்கிறது. 2022-ல் இலங்கையிலிருந்து வந்து மணல் தீடையில் தவித்தவர்களை அதில்தான் கொண்டுவந்தார்கள்.

#19 · ஸ்டுட்கார்ட் கிழவன்

நல்ல யோசனை. படகு ராத்திரியும் போகும். உலங்குவானூர்தி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது வரும் நாளில் இறங்க இடமும் ஏற்றிக்கொடுக்க ஆளும் இருக்க வேண்டும். இங்கேயும் முதலில் அதைத்தான் செய்தார்கள்.

#20 · சேடக் மாமா

இடம் என்றதும் ஞாபகம் வந்தது. தீவில் எத்தனை இடத்தில் இறங்கலாம் என்று யாராவது நடந்து பார்த்திருக்கிறீர்களா? முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் சமதரை, சுற்றி மின்கம்பி இல்லாமல். விமானிக்குக் கம்பி கண்ணில் படாது, கம்பம்தான் தெரியும். பனை தெரியும், அதனால் பனையால் பயமில்லை. நம் மணலில் இறங்கினால் புழுதி எழுந்து விமானிக்குத் தரையே மறைந்துவிடும், முன்னதாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். மந்திரி வந்தால் தீயணைப்பு வண்டி வந்து அடிக்கிறதே, அதே வேலைதான். கூட்டத்தைத் தள்ளி நிறுத்த நாலு பேர். யாரும் பின்பக்கமாகப் போகக் கூடாது. வால் விசிறி சுற்றுவது கண்ணுக்கே தெரியாது. விமானி தலையசைத்த பிறகு, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னாலிருந்து குனிந்து போக வேண்டும்.

இதை எழுதி, படம் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் அட்சரேகை தீர்க்கரேகை குறித்து ஒரு தாளாக வைத்திருந்தால், வெள்ளமோ புயலோ வருகிற அன்றைக்குப் படை ஹெலிகாப்டருக்கே அது உதவும்.

#21 · முகவை கணக்கு வாத்தியார்

தாள் நான் போட்டுத் தருகிறேன். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறை வேலையாகவும் இருக்கும்.

#22 · சாயல்குடி பனை

சாயல்குடி, மூக்கையூர் பக்கம் நான் பார்க்கிறேன். கிண்டல் அடித்தேன்தான், இருந்தாலும் மூக்கையூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நல்ல பொட்டல் இருக்கிறது. சீமைக்கருவேலம் வெட்ட வேண்டும்.

#23 · தங்கச்சிமடத்தான்

நேற்று சங்கத்தில் பேசினேன். இரண்டு விஷயம் ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு படகிலும் 1554 எண்ணை டிரைவர் அறைக் கதவில் பெயின்டில் எழுதுவது. படகுக்கு ஒருவருக்காவது, மயங்கிக் கிடப்பவரைக் கழுத்து அசையாமல் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கும் பயிற்சி. அக்கா, தடைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லித் தர முடியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். மீன் குழம்புக்கு நான் பொறுப்பு. தடைக்காலம் என்பதால் நாட்டுப்படகு மீன்தான்.

வென்டிலேட்டர் வண்டிக்கு மனு எழுதியிருக்கிறோம். அதில் ஹெலிகாப்டர் என்ற வார்த்தையைக் கடைசிப் பத்தியில் வைத்திருக்கிறேன். எடுக்க மனம் வரவில்லை.

#24 · நைட் டியூட்டி

வருகிறேன் தம்பி. மே இரண்டாவது ஞாயிறு லீவு கேட்டிருக்கிறேன். பழைய பொம்மை ஒன்று எங்கள் டிரெய்னிங் அறையில் சும்மா கிடக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். சித்தப்பாவுக்குக் கைப்பயிற்சி நடக்கிறதா? அடிபட்டு ஒரு வருடம் ஆகும் வரை விடக் கூடாது. வலைப் பின்னலைக் கையில் கொடுங்கள், பிசியோ பந்தை விட அது நல்லது.

#25 · தங்கச்சிமடத்தான்

ஊசிக்கோலை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையால் கண்ணியை அழுத்துகிறார். நழுவுகிறது. திட்டிக்கொண்டே மறுபடி அழுத்துகிறார்.

மாமா, மைதானத்தை நேற்று டேப் வைத்து அளந்தோம். 42-க்கு 38 மீட்டர் வருகிறது. கிழக்குப் பக்கம் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு ஒரு கம்பி போகிறது, மைதான ஓரத்திலிருந்து 11 அடி உள்ளே. வாடைக் காலத்தில் எந்தப் பக்கமிருந்து வந்து இறங்குவார்கள்?

#26 · சேடக் மாமா

வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். காற்றை எதிர்த்துத்தான் இறங்குவார்கள், ஆகவே தென்மேற்கிலிருந்து வருவார்கள். இறங்கும்போது கிழக்குக் கம்பி குறுக்கே வராது. ஆனால் கிளம்பும்போது வடகிழக்கே பார்த்து ஏறும், அந்தக் கம்பி அங்கேதான் நிற்கும். மின்வாரியத்துக்கு ஒரு மனு போடு, கம்பியில் சிவப்புப் பந்து மாட்டச் சொல்லி. அந்த மைதானத்தில் வலை காயப்போடுவது யார்?

#27 · தங்கச்சிமடத்தான்

எங்கள் அம்மாதான். பேசிப் பார்க்கிறேன்.